எலும்புப்புரைக்கு மருந்து எடுப்பது குறித்த முடிவு

எலும்புப்புரை என்பது எலும்பின் திண்மை குறைந்து, அதன் உள்கட்டமைப்பு நலிவுற்று, நின்ற நிலையிலிருந்து விழுதல் போன்ற சிறு நிகழ்வுகளாலேயே எலும்பு முறியக்கூடிய நிலை ஆகும். இந்நிலை உள்ளதாகக் கண்டறியப்பட்ட ஒருவர் அதற்கான மருந்தை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அன்று. எலும்பு முறியும் வரை எலும்புப்புரை வலி எதையும் தருவதில்லை. அதற்கான பெரும்பாலான மருந்துகளும் உடலில் உணரக்கூடிய நலம் எதையும் தருவதில்லை. பின்னாளில் நேரக்கூடிய ஒரு முறிவைத் தவிர்க்கும் பொருட்டு, இன்று நலமாக உள்ள ஒருவர் பல ஆண்டுகள் மருந்து எடுக்க வேண்டியுள்ளது. எனவே நோயின் பெயரைக் காட்டிலும், முறிவு நேரும் வாய்ப்பு எவ்வளவு, மருந்து அதில் எவ்வளவைக் குறைக்கும் என்னும் இரண்டு அளவுகளே இம்முடிவுக்கு அடிப்படையாக அமைகின்றன.

பேச்சு வழக்கில் இந்நோய் "எலும்புத் தேய்மானம்" எனப்படுகின்றது. மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பு தேய்வதையும் மக்கள் இதே பெயரால் குறிப்பதால் குழப்பம் நேர்கின்றது. இக்கட்டுரையில் கூறப்படும் மருந்துகள் முழங்கால் தேய்மானத்தையோ மூட்டு வலியையோ குணப்படுத்துபவை அல்ல.

எலும்பு முறிவின் விளைவுகள்

எலும்பு உயிருள்ள திசு ஆகும். ஒரு வகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரித்து அகற்ற, மற்றொரு வகை உயிரணுக்கள் அவ்விடத்தில் புதிய எலும்பை உருவாக்குகின்றன. பெண்களில் மாதவிடாய் நிறுத்தத்திற்குப் பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு ஆக்கத்தை மிஞ்சுகின்றது. ஆண்களில் இவ்விழப்பு மெதுவாக நிகழ்கின்றது.

எலும்புப்புரையால் மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு ஆகிய இடங்களில் முறிவுகள் மிகுதியாக ஏற்படுகின்றன. மணிக்கட்டு முறிவு பெரும்பாலும் ஆறிவிடும். முள்ளெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கவனத்திற்கே வருவதில்லை. உயரம் குறைவதும் முதுகு கூனுவதும் மட்டுமே அவற்றின் அடையாளங்களாக இருக்கக்கூடும். இடுப்பு முறிவு என வழங்கப்படும் தொடை எலும்பின் மேற்பகுதி முறிவே இவற்றுள் மிகவும் கடுமையானது. மேலை நாடுகளின் தரவுகளின்படி, இடுப்பு முறிவுக்கு உள்ளான முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறக்கின்றனர். இவ்விறப்புகள் அனைத்திற்கும் முறிவு மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. முன்பே நலிவுற்றவர்களே மிகுதியாக விழுகின்றனர். எனினும் உயிர் பிழைத்தவர்களில் பலர் முன்பு போலத் தாமாக நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை.

எலும்புத் திண்மை அளவீடும் அதன் வரம்பும்

எலும்புத் திண்மை டெக்சா எனப்படும் குறைந்த அளவு எக்ஸ் கதிர்ச் சோதனை மூலம் அளக்கப்படுகின்றது. இதன் முடிவு டி-மதிப்பெண்ணாகத் தரப்படும். இளம் வயதுப் பெண்களின் சராசரித் திண்மையிலிருந்து ஒருவரின் திண்மை எத்தனை திட்டவிலக்கம் விலகியுள்ளது என்பதே டி-மதிப்பெண் ஆகும். 1994 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வரையறையின்படி −2.5 அல்லது அதற்கும் கீழ் இருப்பின் எலும்புப்புரை. −1 க்கும் −2.5 க்கும் இடையில் இருப்பின் எலும்புத் திண்மைக் குறைவு, அதாவது ஆஸ்டியோபீனியா.

இவ்வெல்லைக்கோடு மக்கள்தொகையில் நோயின் பரவலை அளவிடுவதற்கு வசதியாக வகுக்கப்பட்ட ஒன்று. −2.4 பெற்றவரின் எலும்புக்கும் −2.6 பெற்றவரின் எலும்புக்கும் இடையே இயற்கையில் எல்லை எதுவும் இல்லை. ஒரே நபரை இருமுறை அளந்தாலும் இவ்வளவு வேறுபாடு வரக்கூடும். மேலும் டெக்சா கருவி எலும்பின் கன அளவைக் கணக்கில் கொள்ளாமல், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்றே அளக்கின்றது. இதனால் சிறிய எலும்புக்கூடு உள்ளவர்களின் எலும்பு, உண்மையில் உள்ளதைவிடத் திண்மை குறைந்ததாகத் தோன்றக்கூடும். இதற்கு மாறாக, முதுமையில் முதுகெலும்பில் வளரும் எலும்பு முட்கள் முதுகின் அளவீட்டை உயர்த்திக் காட்டுகின்றன.

வயதே பெரிய வேறுபாட்டை ஏற்படுத்துகின்றது. ஒரே டி-மதிப்பெண் உடைய 50 வயதுப் பெண்ணைவிட 80 வயதுப் பெண்ணுக்கு இடுப்பு முறிவு நேரும் வாய்ப்பு பலமடங்கு அதிகம். தசை வலிமை, பார்வை, சமநிலை, விழும் வாய்ப்பு ஆகியவை இம்மதிப்பெண்ணில் இடம்பெறுவதில்லை. எளிதில் நேரும் எலும்பு முறிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை −2.5 ஐ விட நல்ல மதிப்பெண் உள்ளவர்களுக்கே ஏற்படுகின்றன என்பது முதலில் வியப்பளிக்கலாம். அத்தகையோரின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதே இதற்குக் காரணம்.

முறிவு வாய்ப்பைக் கணித்தல்

இக்குறையைக் களையும் நோக்கில் இங்கிலாந்தின் செஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கானிஸ் தலைமையிலான குழுவினர் ஃப்ராக்ஸ் என்னும் கணிப்பானை உருவாக்கி 2008 இல் வெளியிட்டனர். 40 முதல் 90 வயது வரையிலானவர்களுக்கு, அடுத்த 10 ஆண்டுகளில் இடுப்பு முறிவு நேரும் வாய்ப்பையும், முதன்மையான நான்கு முறிவுகளில் (முதுகெலும்பு, இடுப்பு, முன்கை, தோள்) ஏதேனும் ஒன்று நேரும் வாய்ப்பையும் இது விழுக்காட்டில் தருகின்றது. வயது, பால், எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோரின் இடுப்பு முறிவு, புகைப்பிடித்தல், மது, ஸ்டீராய்டு மாத்திரைப் பயன்பாடு, முடக்கு வாதம் ஆகியவை இதில் உள்ளிடப்படுகின்றன. டெக்சா அளவீடு இல்லாமலும் இதைக் கணிக்க இயலும். முறிவுகளின் பரவல் நாட்டுக்கு நாடு மாறுவதால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வடிவம் உள்ளது. இந்தியா, இலங்கை ஆகியவற்றுக்கும், சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களுக்கும் தனி வடிவங்கள் உள்ளன. பிற நாட்டு வடிவத்தைப் பயன்படுத்தினால் விடை பெரிதும் மாறக்கூடும்.

ஃப்ராக்ஸ் அடிக்கடி விழுவதைக் கணக்கில் கொள்வதில்லை. முன்பு ஒரு முறிவு ஏற்பட்டதா மூன்று ஏற்பட்டனவா, அது சென்ற மாதம் நேர்ந்ததா இருபது ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததா என்பதையும் அது வேறுபடுத்துவதில்லை. ஒரு முறிவுக்குப் பின் வரும் இரண்டு ஆண்டுகளிலேயே அடுத்த முறிவுக்கான வாய்ப்பு மிக அதிகம் என்பதால் இது சிறிய குறை அன்று.

எத்தனை விழுக்காட்டுக்கு மேல் மருந்து தர வேண்டும் என்பதில் நாடுகளிடையே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் தேசிய எலும்புப்புரை அமைப்பு 2008 இல், திண்மைக் குறைவு மட்டுமே உள்ளவர்களுக்கு இடுப்பு முறிவு வாய்ப்பு 3 விழுக்காடு அல்லது முதன்மை முறிவு வாய்ப்பு 20 விழுக்காடு என்னும் வரம்பை வகுத்தது. பிரித்தானிய வழிகாட்டுதலில் வரம்பு வயதுக்கேற்ப உயர்கின்றது. இந்த 3 விழுக்காடு என்பது உடலியல் சார்ந்த எண் அன்று. அமெரிக்காவில் மருந்துக்கும் முறிவுச் சிகிச்சைக்கும் ஆகும் செலவுகளைக் கொண்டு கணக்கிடப்பட்ட பொருளாதார எல்லை ஆகும். அதனைச் சற்றே தாண்டிய ஒருவர் மருந்து வேண்டாம் என முடிவு செய்தாலோ, அதற்குச் சற்றுக் கீழே உள்ள ஒருவர் மருந்தை விரும்பினாலோ அதில் பிழை காண இயலாது.

இடுப்பிலோ முதுகெலும்பிலோ ஏற்கனவே எளிதில் முறிவு ஏற்பட்டவர்களுக்கு இக்கணிப்பு பெரும்பாலும் தேவையற்றது. டி-மதிப்பெண் எதுவாயினும் அவர்களுக்கு மருந்து பரிந்துரைக்கப்படுகின்றது. இளமையில் இருந்ததைவிட உயரம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் குறைந்திருப்பின், அறியப்படாத முள்ளெலும்பு முறிவு உள்ளதா என முதுகை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். இச்சிறு சோதனை மருந்து குறித்த முடிவையே மாற்றிவிடக்கூடும்.

மருந்தின் நன்மையை அளவிடுதல்

மருந்து முறிவுகளைப் "பாதியாகக் குறைக்கின்றது" என்று கூறப்படும்போது அது ஒப்பீட்டு அளவு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, பத்தாண்டு வாய்ப்பு 20 விழுக்காடாக உள்ளவருக்குப் பாதியாகக் குறைதல் என்பது 10 விழுக்காட்டு நன்மை. வாய்ப்பு 2 விழுக்காடாக உள்ளவருக்கு அதே சொல் 1 விழுக்காட்டு நன்மையையே குறிக்கும். மருந்தின் தொல்லையும் செலவும் இருவருக்கும் ஒன்றே.

அலென்ட்ரோனேட் என்னும் மருந்தைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட முறிவுத் தடுப்பு ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. இவ்வாய்வு இரு பிரிவுகளாக நடந்தது. 1996 இல் வெளியான முதற்பிரிவில், ஏற்கனவே முள்ளெலும்பு முறிவு இருந்த 2,027 பெண்கள் பங்கேற்றனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், மருந்துப்போலி எடுத்தவர்களில் 2.2 விழுக்காட்டினருக்கும், மருந்து எடுத்தவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கும் இடுப்பு முறிவு ஏற்பட்டது. அறிகுறிகளுடன் வெளிப்பட்ட அனைத்து வகை முறிவுகளையும் சேர்த்தால் இது 18.2 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாகக் குறைந்தது. அதாவது ஒருவருக்கு இத்தகைய முறிவைத் தவிர்க்க ஏறத்தாழ 22 பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து எடுக்க வேண்டியிருந்தது. இடுப்பு முறிவை மட்டும் கருதினால் ஏறத்தாழ 90 பெண்கள்.

1998 இல் வெளியான இரண்டாம் பிரிவில், எலும்புத் திண்மை குறைந்திருந்தும் முள்ளெலும்பு முறிவு இல்லாத 4,432 பெண்கள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மருந்தோ மருந்துப்போலியோ எடுத்தனர். இங்கு அறிகுறிகளுடன் வெளிப்பட்ட முறிவுகள் 14.1 விழுக்காட்டிலிருந்து 12.3 விழுக்காடாக மட்டுமே குறைந்தன. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினது. இவர்களுள் டி-மதிப்பெண் −2.5 க்குக் கீழ் இருந்தவர்களுக்கு முறிவுகள் 36 விழுக்காடு குறைந்தன. அதற்கு மேல் இருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க நன்மை காணப்படவில்லை. மருந்தும் அளவும் ஒன்றாகவே இருந்தும், எடுப்பவரைப் பொறுத்து அதன் பயன் மாறியது.

இதனைக் கொண்டு திண்மைக் குறைவு மட்டும் உள்ளவர்களுக்கு மருந்தே பயனற்றது எனச் சிலர் கூறுவதுண்டு. 2018 இல் நியூசிலாந்திலிருந்து வெளியான ஆய்வு அக்கருத்தை மாற்றியது. 65 வயதுக்கு மேற்பட்ட, திண்மைக் குறைவு உள்ள 2,000 பெண்களில் பாதிப் பேருக்குச் சோலெட்ரோனிக் அமிலம் 18 மாதங்களுக்கு ஒருமுறை வீதம் ஆறு ஆண்டுகள் செலுத்தப்பட்டது. மருந்துப்போலி பெற்ற குழுவில் 190 பேருக்கும், மருந்து பெற்ற குழுவில் 122 பேருக்கும் எளிதில் நேரும் முறிவுகள் ஏற்பட்டன. இப்பெண்களின் வயது அவர்களின் முறிவு வாய்ப்பை ஏற்கனவே உயர்த்தியிருந்தது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

தீங்குகள்

மருந்தை மறுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு அரிய தீங்குகளைக் குறிப்பிடுகின்றனர். முதலாவது தாடை எலும்பு நசிவு. பல் பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பு வெளித்தெரியும் இந்நிலை 2003 இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அப்போது கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக மிக அதிக அளவில் இம்மருந்துகளை நரம்பு வழியாகப் பெற்றவர்கள். எலும்புப்புரைக்கு எடுக்கும் அளவில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஒருவருக்கும் 1,00,000 பேரில் ஒருவருக்கும் இடைப்பட்ட அளவிலேயே இது நேர்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பல் பிடுங்குதல் போன்ற சிகிச்சைகள் தேவைப்படின் அவற்றை மருந்து தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, தொடை எலும்பின் நடுத்தண்டில் பெரிய அடி ஏதுமின்றி நேரும் அசாதாரண முறிவு. 2010 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது குறித்து எச்சரித்தது. மருந்து எடுக்கும் காலம் நீளநீள இதன் வாய்ப்பு உயர்கின்றது. நிறுத்தினால் விரைவாகக் குறைகின்றது. முறிவுக்கு முன் பல வாரங்கள் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ வலி இருக்கக்கூடும் என்பதால், அத்தகைய வலியை மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

கலிபோர்னியாவின் ஏறத்தாழ 1,96,000 பெண்களின் தரவுகளைக் கொண்டு 2020 இல் வெளியான ஆய்வு இரு பக்கங்களையும் ஒரே தராசில் வைத்தது. 10,000 பெண்கள் மூன்று ஆண்டுகள் மருந்து எடுத்தால், வெள்ளையினப் பெண்களில் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்பட்டு 2 அசாதாரண முறிவுகள் நேரும். ஆசிய வம்சாவளிப் பெண்களில் 91 தவிர்க்கப்பட்டு 8 நேரும் என அது மதிப்பிட்டது. ஆசியர் என்ற ஒரே தலைப்பில் பல நாட்டினர் அடங்குவதால், இவ்வெண்களைத் தென்னாசியப் பெண்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் ஆசியப் பெண்களுக்கும் நன்மையே பல மடங்கு மிகுந்துள்ளது என்பதும், வெள்ளையினப் பெண்களைவிட இடைவெளி குறுகியது என்பதும் கவனிக்கத்தக்கவை.

அன்றாடத்தில் காணப்படும் தொல்லைகள் வேறு. மாத்திரையால் உணவுக்குழாய் எரிச்சல் ஏற்படலாம். சோலெட்ரோனிக் அமிலத்தை முதன்முறை செலுத்தியபின் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சில நாட்கள் காய்ச்சலும் உடல்வலியும் வருகின்றன.

மருந்து வகைகள்

அலென்ட்ரோனேட், ரிசெட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம் ஆகியவை பிஸ்பாஸ்போனேட் வகையைச் சேர்ந்தவை. இவை எலும்பில் படிந்து, எலும்பை அரிக்கும் உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. விலை குறைவு, நீண்டகால அனுபவம் ஆகியவற்றால் பெரும்பாலானவர்களுக்கு இவையே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன.

டெனோசுமாப் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தோலடியில் செலுத்தப்படும் ஊசி மருந்து. டெரிபாராடைடு, ரோமோசோசுமாப் ஆகியவை புதிய எலும்பை உருவாக்குபவை, விலை மிக்கவை. முறிவு வாய்ப்பு மிக அதிகமாக உள்ளவர்களுக்கே பெரும்பாலும் தரப்படுகின்றன. ரோமோசோசுமாப் மாரடைப்பு, பக்கவாதம் குறித்த எச்சரிக்கையுடன் 2019 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈஸ்ட்ரோஜன் சிகிச்சையும் முறிவுகளைக் குறைக்கும். ஆனால் ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டின் சேர்த்துத் தரப்பட்டபோது மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் மிகுந்ததாக 2002 இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியபின், எலும்புக்காக மட்டும் அதனைத் தருவது குறைந்தது.

கால்சியமும் உயிர்ச்சத்து டி-யும் இம்மருந்துகளுக்கு மாற்று ஆகா. எனினும் உயிர்ச்சத்து டி குறைபாட்டைச் சரிசெய்யாமல் சோலெட்ரோனிக் அமிலத்தையோ டெனோசுமாப்பையோ செலுத்தினால் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். வெயில் மிகுந்த இந்தியாவிலும் இக்குறைபாடு பரவலாகக் காணப்படுவதால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்வது இன்றியமையாதது. சிறுநீரகச் செயல்பாடு மிகவும் குறைந்தவர்களுக்குப் பிஸ்பாஸ்போனேட் பொதுவாகத் தரப்படுவதில்லை.

மாத்திரையை எடுக்கும் முறை

முடிவு எடுப்பதில் இச்சிறு செய்திக்கும் பங்கு உண்டு. விழுங்கும் அலென்ட்ரோனேட்டில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உடலில் உறிஞ்சப்படுகின்றது. காப்பியுடன் எடுத்தால் அதுவும் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்துவிடும். எனவே வாரம் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை வெறும் நீருடன் மாத்திரையை விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமலும் வேறு எதையும் உண்ணாமலும் அருந்தாமலும் இருக்க வேண்டும். படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணை உண்டாக்கலாம். எழுந்தவுடன் காப்பி அருந்திப் பழகியவர்களுக்கு இது சிறிய கட்டுப்பாடு அன்று. பலர் ஓராண்டுக்குள்ளேயே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இக்கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க இயலாதவர்களும், நிமிர்ந்து உட்கார முடியாதவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியாகப் பெறும் மருந்தைக் கேட்டுப் பெறலாம்.

மருந்தை நிறுத்துதல்

மருந்தைத் தொடங்கும்போதே அதை எப்போது, எவ்வாறு நிறுத்துவது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இதில் இரு வகை மருந்துகளும் முற்றிலும் மாறுபடுகின்றன.

பிஸ்பாஸ்போனேட் எலும்பில் பல ஆண்டுகள் தங்கியிருப்பதால் நிறுத்திய பின்னும் அதன் விளைவு ஓரளவு தொடர்கின்றது. ஐந்து ஆண்டுகள் அலென்ட்ரோனேட் எடுத்தவர்களில் சிலர் மேலும் ஐந்து ஆண்டுகள் தொடர, மற்றவர்களுக்கு மருந்துப்போலி தரப்பட்ட ஆய்வு 2006 இல் வெளியானது. அறிகுறியுள்ள முள்ளெலும்பு முறிவுகள் தொடர்ந்தவர்களில் 2.4 விழுக்காடு, நிறுத்தியவர்களில் 5.3 விழுக்காடு. முதுகெலும்பு அல்லாத முறிவுகளில் வேறுபாடு இல்லை. இதனால் முறிவு வாய்ப்பு மிக அதிகமாக இல்லாதவர்களுக்கு, மாத்திரையாயின் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் சோலெட்ரோனிக் அமிலமாயின் மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் இடைவெளி விடுவது வழக்கமாயிற்று.

டெனோசுமாப் எலும்பில் தங்குவதில்லை. அடுத்த ஊசி தவறினால் அடக்கி வைக்கப்பட்டிருந்த எலும்பு அரிப்பு முன்பைவிட வேகமாகத் திரும்பி, சிலருக்கு அடுத்தடுத்துப் பல முள்ளெலும்புகள் முறிந்துள்ளன. எனவே இதனை நிறுத்துபவர்களுக்குத் தொடர்ந்து பிஸ்பாஸ்போனேட் தரப்பட வேண்டும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் சில மாதங்கள் சென்று தங்குவோர், விலையால் இடையில் நிறுத்த நேரக்கூடியோர் ஆகியோருக்கு இம்மருந்து பொருந்துமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் பேசித் தெளிய வேண்டும். பின்னர் அறிந்து பயனில்லை.

மிகு முதுமையில்

எண்பது வயதைக் கடந்தவர்களுக்கு மருந்து தாமதமானது என்ற கருத்து பரவலாக உள்ளது. பல ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2022 இல் வெளியான கணக்கீட்டின்படி, எலும்புப்புரை உள்ள 100 பெண்கள் பிஸ்பாஸ்போனேட் எடுத்தால், முதுகெலும்பு அல்லாத ஒரு முறிவு தவிர்க்கப்பட ஏறத்தாழ 12 மாதங்கள் ஆகின்றன. எனவே ஓராண்டுக்கு மேல் வாழக்கூடிய நிலையில் உள்ள முதியவருக்கு வயது மட்டுமே தடை அன்று. அதற்கும் குறைந்த காலமே எதிர்பார்க்கப்படும் நோயாளிக்கு, புதிதாக மாத்திரை தொடங்குவதைவிட வீட்டில் வழுக்காத தரை, குளியலறையில் கைப்பிடி, இரவில் விளக்கு, தலைச்சுற்றலை உண்டாக்கும் பிற மருந்துகளைக் குறைத்தல் ஆகியவையே பயன் தரும். இவை மருந்து எடுப்பவர்களுக்கும் தேவை. இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதாலேயே ஏற்படுகின்றன.